‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்று அறிக்கை சொன்னால் நெரிசல் வராதா?

கலிபோர்னியாவில் ஒரு புறநகரில் வசிக்கும் வாசகர் கேட்டது இது. அவர் குடியிருப்பிலிருந்து அரை மைலில், காலியாகக் கிடக்கும் பழைய அலுவலக வளாகத்தை இடித்துவிட்டு, காஸ்ட்கோ போலச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் மட்டும் வாங்கும் மெம்பர்ஷிப் கடை ஒன்று வரப்போகிறது. ஒன்றரை லட்சம் சதுர அடி, கூடவே கேஸ் ஸ்டேஷன். அக்கம்பக்கத்து வாட்ஸாப் குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. நகராட்சி வெளியிட்ட சுற்றுச்சூழல் அறிக்கையோ, போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ் ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்கிறது. “இது பச்சைப் பொய்தானே? அடுத்த மாதம் பிளானிங் கமிஷன் (கட்டடத் திட்டங்களைப் பரிசீலிக்கும் நகராட்சிக் குழு) கூட்டத்தில் நான் என்ன பேசுவது?” என்று கேட்கிறார்.

பொய் இல்லை. நீங்கள் ஒன்றைக் கேட்கிறீர்கள், அறிக்கை வேறொன்றுக்குப் பதில் சொல்கிறது. சிக்னல் கணக்குப் போட்டே பிழைப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் இந்த ஊரில் போக்குவரத்துப் பாதிப்பு என்றால் ஒரே அளவுகோல்தான்: சந்திப்பில் ஒரு வண்டி சராசரியாக எத்தனை வினாடி காத்திருக்கிறது? அதற்குப் பள்ளிக்கூடம் போல மார்க் போடுவோம். பத்து வினாடிக்குள் என்றால் ஏ. 35 முதல் 55 வரை டி. 80-ஐத் தாண்டினால் எஃப். இந்த முறைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வீடு கட்டினால், ஏற்கெனவே நெரிசலான சந்திப்பில் இன்னும் நான்கு வினாடி கூடும். உடனே ‘பாதிப்பு’ முத்திரை விழும். ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் கட்டினால் அங்கே சிக்னல் காலியாக இருக்கும். நல்ல மார்க் கிடைக்கும். பாதிப்புக்குப் பரிகாரம் என்று பார்த்தால் எப்போதும் சாலையை அகலப்படுத்துவதுதான். ஆகவே 2013-இல் எஸ்பி 743 என்ற சட்டம் வந்தது. 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும், சுற்றுச்சூழல் சட்டத்தின் கண்ணுக்குக் காத்திருப்பு நேரம் ஒரு பாதிப்பே அல்ல. இப்போது அளப்பது, மக்கள் மொத்தத்தில் எத்தனை மைல் கார் ஓட்டுகிறார்கள் என்பதை.

இதை உங்கள் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். மாநில அரசின் வழிகாட்டுதல்படி 50,000 சதுர அடிக்கு மேற்பட்ட கடை வெளியூர்க்காரர்களையும் இழுக்கக்கூடியது; அதனால் மொத்த மைல் கூடுகிறதா, குறைகிறதா என்று கணக்குக் காட்ட வேண்டும். கடைக்காரரின் ஆலோசகர் என்ன காட்டுவார்? ‘இந்த ஊர் ஜனங்கள் இப்போது அடுத்த ஊர்க் கிளைக்கு பன்னிரண்டு மைல் போகிறார்கள், இனி மூன்று மைலில் முடிந்துவிடும், மொத்த மைல் குறைகிறது.’ இது பெரும்பாலும் சரியான வாதமும்கூட. அதே நேரத்தில் உங்கள் தெருமுனையில் வண்டிகள் கொட்டும். அதுவும் சரி. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை.

அப்படியானால் காத்திருப்புக் கணக்கை யாருமே போடவில்லையா என்றால், போட்டிருப்பார்கள். பல நகரங்கள், ஊரின் நீண்டகால வளர்ச்சிக்கான தங்கள் பொதுத் திட்டத்தில் ‘சந்திப்புகள் டி-க்குக் கீழே போகக் கூடாது’ என்ற பழைய விதியை இன்னும் வைத்திருக்கின்றன. அதற்காகத் தனியாக ஓர் ஆய்வு நடக்கும். ‘உள்ளூர்ப் போக்குவரத்து ஆய்வு’ என்பது போன்ற பெயரில், அறிக்கையின் கடைசியில், நானூறாம் பக்கத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு பின்னிணைப்பில் கிடக்கும். முதலில் அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் நகராட்சித் திட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். முன்பக்கச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருக்கும் என் போன்ற ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

சரி, பின்னிணைப்பு கையில் கிடைத்துவிட்டது. எங்கே பார்ப்பது?

முதல் எண், ட்ரிப் கணக்கு. அமெரிக்கா முழுக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் கையாளும் ஒரு கையேடு உண்டு. ஐடிஇ என்ற சங்கம் வெளியிடுவது. எந்த வகைக் கட்டடத்துக்கு எத்தனை வண்டி வரும் என்று அதில் சராசரி போட்டிருக்கும். மெம்பர்ஷிப் கடைக்கு மாலை உச்ச நேரத்தில், ஆயிரம் சதுர அடிக்கு ஒரு மணி நேரத்தில் சுமார் 4 ட்ரிப். அதே அளவு ஃபர்னிச்சர் கடைக்கு அரை ட்ரிப்தான். அதாவது ‘பெரிய கடை’ என்ற சொல்லை வைத்து மட்டும் எதையும் முடிவு கட்ட முடியாது. சோபா விற்கிற கடையும் முட்டை விற்கிற கடையும் எட்டு மடங்கு வேறு. உங்கள் ஒன்றரை லட்சம் சதுர அடிக்கு ஏறத்தாழ 600 ட்ரிப் வரும். இதில் உள்ளே வருவது ஒன்று, வெளியே போவது ஒன்று என்று ஒரே வாடிக்கையாளர் இரண்டாகக் கணக்காகிறார். ஆக 300 பேர். ஆனால் வாசலில் ஆறு வினாடிக்கு ஒரு வண்டி.

அடுத்தது தள்ளுபடி. எப்படியும் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தவர் வழியில் நிறுத்திவிட்டுப் போனால் அவர் புதிய வண்டி இல்லை என்று கழிப்பார்கள். நியாயம்தான். மூன்றில் ஒரு பங்கு வரை கழித்த ஆய்வுகள் உண்டு. இங்கே இரண்டு இடத்தில் கண் வையுங்கள். லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலுக்குப் போய்விட்டு ஃப்ரீவேயில் திரும்புகிற குடும்பம், பாலும் முட்டையும் வாங்க நடுவே இறங்குகிறது என்று வையுங்கள். ஃப்ரீவேக்கு அது புதிய வண்டி இல்லை. ஆனால் இறங்கும் சாலைக்கும், உங்கள் சந்திப்புக்கும் முழுக்கப் புதியது. இதையும் ‘வழியில் போகிறவர்’ கணக்கில் சேர்த்துக் கழித்திருந்தால் தவறு. இன்னொன்று, கடை வாசலில் எந்தத் தள்ளுபடியும் கிடையாது. வழியில் போகிறவரும் வாசலில் திரும்பித்தான் ஆக வேண்டும். 600 என்றால் அங்கே 600-தான்.

பிறகு கிழமை. இதைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்ப்பேன். வழக்கமான ஆய்வு வாரநாள் காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6 வரை எண்ணும். அலுவலகத்துக்கு அது பொருந்தும். மெம்பர்ஷிப் கடைக்கு உண்மையான பரீட்சை சனிக்கிழமை நண்பகல். நம் வீடுகளிலேயே எப்போது போகிறோம் என்று யோசித்தால் போதும், கையேடு வேண்டாம். சனிக்கிழமை எண்ணிக்கை ஆய்வில் இல்லை என்றால், கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அதுதான்.

அடிப்படை எது என்பதும் முக்கியம். அந்த அலுவலக வளாகம் இப்போது காலி. ஆனால் ‘முன்பு அங்கே இவ்வளவு ஊழியர்கள் வந்தார்கள்’ என்று பழைய வண்டிகளைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் கூடுதலாகக் காட்டும் வழக்கம் உண்டு. சில நேரம் சட்டப்படி செல்லும். ஆனால் எதைக் கழித்தார்கள், எந்த ஆண்டுக் கணக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது மார்க். ஏ, பி, சி என்று போட்டிருக்கும் அட்டவணையை நம்பி ஏமாறாதீர்கள். ஏமாற்றுவது ஆய்வாளர் அல்ல, அந்த எழுத்து. 54 வினாடி 56 ஆனால் டி கீழிறங்கி இ ஆகிவிடும், ஊரே அலறும். 85 வினாடி 140 ஆனால் எஃப் எஃப்பாகவே இருக்கும். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அதோடு இது சந்திப்பின் நான்கு பக்கத்துக்கும் சேர்த்த சராசரி. நெரிசலை உண்டாக்குவது பெரும்பாலும் ஒரே ஒரு திருப்பம். இங்கே வலப்புறம் ஓட்டுகிறோம், ஆகவே எதிர்வண்டிகளைக் குறுக்கே வெட்டும் இடது திருப்பம்தான் வில்லன்.

ஒரு சின்னக் கணக்கு. கடைக்கு வரும் 300 வண்டியில் பாதி, 150 வண்டி, ஒரே சிக்னலில் இடது பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் சுற்று இரண்டு நிமிடம். மணிக்கு முப்பது சுற்று, சுற்றுக்கு ஐந்து வண்டி. கேட்க அமைதியாக இருக்கிறது. ஆனால் வண்டிகள் வரிசை எண் வாங்கிக்கொண்டு வருவதில்லை. ஒரு சுற்றில் இரண்டு வரும், அடுத்ததில் பத்து வரும். வரிசையில் ஒரு வண்டிக்கு 25 அடி. பத்துக்கு 250 அடி. திருப்பத்துக்கான லேன் 150 அடிதான் என்றால் ஆறு வண்டி உள்ளே, நான்கு வண்டி நேராகப் போகும் லேனில் நிற்கும். அவ்வளவுதான், நேராகப் போகிறவனும் மாட்டிக்கொண்டான். மார்க் அட்டவணையில் இது தெரியவே தெரியாது. ‘95 சதவீத வரிசை நீளம்’ (நூற்றில் 95 தடவை வரிசை இதைத் தாண்டாது என்ற நீளம்) என்று வேறோர் அட்டவணை இருக்கும், அதில் தெரியும். அந்த எண்ணையும் லேனின் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நான் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ‘நெரிசல் தாங்க முடியாது’ என்று நாற்பது பேர் பேசியதைவிட, ‘லேன் 150 அடி, உங்கள் வரிசை 260 அடி, மிச்சம் எங்கே நிற்கும்?’ என்று ஒருவர் கேட்டதுதான் கமிஷனர்களைப் பேனாவை எடுக்க வைத்தது.

கேஸ் ஸ்டேஷனும் இதே ஜாதி. மலிவு பெட்ரோலுக்கு வரிசை நிற்காத ஊர் இல்லை. வரிசை வளாகத்துக்குள்ளேயே முடிகிறதா, அல்லது சாலைக்கு வழிகிறதா என்பதை வரைபடத்தில் பார்த்துவிடலாம். லாரிகள் எந்த வழியாக, எத்தனை மணிக்கு வரும் என்பது தூக்கம் சம்பந்தப்பட்ட விஷயம். உங்கள் குடியிருப்புச் சாலை சிக்னலைத் தவிர்க்கும் குறுக்கு வழியாக மாறுமா என்பதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும்; எந்த மென்பொருளுக்கும் அந்தச் சந்து தெரியாது.

இவ்வளவு தலைவலி இருந்தும் நகர மன்றம் ஏன் இந்தக் கடைகளுக்குப் பல்லிளிக்கிறது என்று குழுவில் கேட்டிருப்பார்கள். லஞ்சம் கிஞ்சம் ஒன்றும் தேவையில்லை. 1978-இல் வந்த ப்ரொபோசிஷன் 13 சொத்து வரியை ஒரு சதவீதத்தில் கட்டிப்போட்டது. மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. ஆனால் வரி உள்ள பொருள்களின் விற்பனைத் தொகையில் ஒரு சதவீதம், விற்பனை வரியின் பங்காகக் கடை இருக்கும் ஊருக்கே வந்துசேரும். வீடு கட்டினால் பள்ளி, தண்ணீர், போலீஸ் என்று செலவு. டிவியும் டயரும் விற்கும் கடை வந்தால் வரவு. கடை எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் வரி பக்கத்து ஊருக்கு, வண்டி மட்டும் நமக்கு. இந்தப் பயம்தான் பல முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இது தேவையில்லாத பயமும் அல்ல.

எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு பிளசன்டன் என்ற கலிபோர்னிய ஊர் ஒரு பாடம். 680 ஃப்ரீவேயை ஒட்டிய ஜான்சன் டிரைவில் காஸ்ட்கோ கொண்டுவரும் திட்டம் 2014-இல் தொடங்கியது. 2016 நவம்பரில், அந்தப் பகுதியில் 50,000 சதுர அடிக்கு மேல் கடை கூடாது என்ற மெஷர் எம்எம் வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். 2017-இல் நகர மன்றம் அனுமதி தந்தது. குடிமக்கள் குழு ஒன்று வழக்குப் போட்டது. 2018-இல் நகரம் தன் அனுமதியைத் தானே வாபஸ் வாங்கி, ஆய்வைத் திருத்தி, 2020-இல் மறுபடி தந்தது. மறுபடி வழக்கு. கடை திறந்தது 2024 நவம்பரில். பத்து வருடம். எதிர்த்தவர்கள் தோற்றார்கள் என்று சொல்வார்கள். ஆனால் சாலை வேலைகள் எல்லாம் என்ன, யார் செலவில், எப்போது என்ற கேள்விகள் அந்தப் பத்து வருடமும் மேசையிலேயே இருந்தன.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து இங்கிள்வுட் கதை இதைவிட வினோதம். 2004 ஏப்ரலில் வால்மார்ட் அங்கே 60 ஏக்கரில் கடை கட்ட, நகராட்சியைச் சுற்றிக்கொண்டு நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. வென்றிருந்தால் சுற்றுச்சூழல் ஆய்வும் வேண்டாம், போக்குவரத்து ஆய்வும் வேண்டாம். ஏறத்தாழ அறுபது சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நாடே பேசிய தோல்வி அது. பத்து வருடம் கழித்து அந்த நிலம் கைமாறி, இன்று சோஃபை ஸ்டேடியம் நிற்கும் வளாகத்தின் பகுதியாகிவிட்டது. அந்த ஸ்டேடியத்துக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது தெரியுமா? 2015-இல் ஸ்டேடியம் கட்டுபவர்கள் தரப்பு கையெழுத்து மனு ஒன்றைத் திரட்டியது, நகர மன்றமே அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. வாக்கெடுப்பு இல்லை, முழு ஆய்வும் இல்லை. அதற்கு வழி திறந்தது 2014-இல் வந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அது சொனோரா என்ற சிற்றூரில் வால்மார்ட் தன் கடையைப் பெரிதாக்கிய வழக்கு! ஆகவே கடை வாசலில் யாராவது அட்டையை நீட்டி, ‘ஊர் வளர்ச்சிக்கு ஒரு கையெழுத்து’ என்றால் படிக்காமல் போடாதீர்கள்.

இனி நீங்கள் பேசப்போகும் மூன்று நிமிடம். ‘கடையே வேண்டாம்’ என்று மூன்று நிமிடத்தையும் செலவழிப்பது உங்கள் உரிமை. நானாக இருந்தால் செய்ய மாட்டேன். அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று கணித்துக்கொண்டு, நிபந்தனைகளைப் பிடித்துத் தொங்குவேன். இடது திருப்ப லேனை நீட்டுங்கள்; திறப்பு விழாவுக்குப் பிறகு அல்ல, திறப்பதற்கு முன்பு. சனிக்கிழமை எண்ணிக்கையோடு ஆய்வைத் திருத்துங்கள். கேஸ் ஸ்டேஷன் வரிசை சாலைக்கு வராதபடி உள்பாதையை மாற்றுங்கள். திறந்து ஆறு மாதத்தில் மறுபடி எண்ணுங்கள். கணித்ததைவிட அதிகமென்றால் சிக்னலைக் கடைக்காரர் செலவில் மாற்றுங்கள். முதல் சில வாரங்களுக்குப் போக்குவரத்துப் போலீஸ் செலவும் அவருடையது.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரேகான் மாநிலத்தில் டிகார்ட் என்ற ஊரில் குழாய், மின்சாமான் விற்கும் ஒரு கடை பெரிதாக்க அனுமதி கேட்டது. நகராட்சி, கூடும் வண்டிகளுக்கு ஈடாகச் சைக்கிள் பாதைக்கு நிலம் கொடு என்றது. 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ‘பாதை வந்தால் வண்டி குறையக்கூடும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது போதாது, கேட்பது பாதிப்புக்கு ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும் என்றது. 2024-இல் எல் டொராடோ கவுண்டி ஒருவரிடம் வசூலித்த 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டண வழக்கிலும், சட்டமாகவே இயற்றிய கட்டணத்துக்கும் இந்தச் சோதனை உண்டு என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆகவே ‘எங்கள் பூங்காவையும் புதுப்பித்துக் கொடுங்கள்’ என்று சேர்த்துக் கேட்காதீர்கள். கேட்பது ஒவ்வொன்றும் இந்தக் கடையின் இந்த வண்டிகளால் வரும் இந்தச் சிக்கலுக்கு என்று காட்ட முடிந்தால்தான் நகராட்சி வழக்கறிஞர் குறுக்கே வரமாட்டார்.

நாள்களை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 45 நாள். வாயால் சொன்னால் மட்டும் போதாது, எழுதிக் கொடுங்கள். முழு அறிக்கை என்றால் எழுத்தில் பதில் தரவேண்டியது அவர்கள் கடமை. அனுமதி தந்து அறிவிப்புப் பதிவான பிறகு, வழக்குப் போட 30 நாள்தான். அதுவும் முன்பே யாராவது எழுப்பிய பிரச்சினைக்கு மட்டும். காத்திருப்பு நேரத்தை வைத்து சுற்றுச்சூழல் சட்டத்தில் வழக்குப் போட முடியாது என்று மேலே பார்த்தோம். மைல் கணக்கு, காற்று, இரைச்சல், பாதசாரி ஆபத்து ஆகியவற்றை வைத்து முடியும். பொதுத் திட்டத்தில் டி விதி இருந்தால் அது தனி ஆயுதம்.

வாட்ஸாப் குழுவில் கடையை ஆதரிப்பவர்களையும் விரட்டாதீர்கள். மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு வாராவாரம் பன்னிரண்டு மைல் ஓடுகிறவர் சொல்வதும் நியாயமே. லேனை நீட்டு, சனிக்கிழமை எண்ணு என்பதில் அவருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது, ஏனென்றால் கடைக்குப் போய் அந்த லேனில் நிற்கப்போவதும் அவர்தான். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தைப் பார்த்தால் கமிஷனுக்குத் தூக்கிவாரிப் போடும்.

அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். வரும் சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, மடக்கு நாற்காலியும் தொப்பியுமாக அந்தச் சந்திப்பின் நடைபாதையில் உட்காருங்கள். ஒருவர் திரும்பும் வண்டிகளை எண்ணட்டும், இன்னொருவர் ஒவ்வொரு பச்சை விளக்கு முடிந்ததும் மிச்சம் நிற்கும் வண்டிகளை எழுதட்டும். ஒன்றரை மணி வரை. பள்ளி விடுமுறை வாரமாகவோ மழை நாளாகவோ இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அப்படிப்பட்ட நாளில் எடுத்த எண்ணிக்கையை ஆலோசகர் ஒரே நொடியில் ஒதுக்கிவிடுவார்.